மீனை எடுத்துவிட்டுக் கீரையைக் கொடுங்கள்

"மீனுக்கு எதுக்குக்கா கரண்டு? அது தண்ணியிலதான கீது?"

நான் சென்னையில் வந்திறங்கிய முதல் நாளே ஓர் எலக்ட்ரீஷியன் என் முகத்துக்கு நேராக இப்படிக் கேட்டான். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து கிளம்பும்போது என் மகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "அம்மா, அங்கே போய் யாரையும் ஏசாதீங்க. அது நம்ம ஊர் இல்ல." சரி என்று தலையை ஆட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். அந்தத் தலையாட்டல் மதியச் சாப்பாடு வரைகூடத் தாங்கவில்லை.

நான் போனது கோவில் குளம் பார்க்க இல்லை. சேலையூரில் சிராஜுதீன் கட்டியிருந்த மீன்தொட்டியில் மீன்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. அதைப் பார்க்கப் போனேன். சிராஜ் எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் ஏழு வருஷம் ரொட்டி தட்டியவர். அந்தக் கடைக்கு மீனும் கீரையும் கொடுத்துக்கொண்டிருந்தது நான். ஓய்வு நாளில் என் வீட்டுப் பின்பக்கம் வந்து மணிக்கணக்கில் நின்று பார்ப்பார். கீழே மீன்தொட்டி, மேலே இடுப்பு உயரத்தில் ஜல்லி நிரப்பிய கீரைத்தொட்டி. மண் ஒரு பிடிகூடக் கிடையாது. மீனின் கழிவு கலந்த தண்ணீரைப் பம்பு மேலே தூக்கி ஜல்லியில் விடும். ஜல்லியில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை உரமாக மாற்றும். கீரை வேர் அதை உறிஞ்சிக்கொண்டு நல்ல தண்ணீரைத் திரும்ப மீனுக்கு அனுப்பும். மீன் இல்லாவிட்டால் கீரை பட்டினி. கீரை இல்லாவிட்டால் மீனுக்குத் தண்ணீரே விஷம். இதைப் பார்த்துப் பார்த்துத்தான் சிராஜ் ஊருக்குத் திரும்பியதும் தானும் கட்டினார். சந்தேகம் வந்தால் எனக்கு போன் போடுவார்.

கட்டிய மனை அவர் மனைவி ஜமீலாவின் குடும்பச் சொத்து. ஜமீலாவுக்கு இரண்டு அண்ணன்கள், பல்லாவரத்தில் கடை வைத்திருக்கிறார்கள். அடுக்குமாடி கட்டுகிறவர்கள் வரிசையாக வந்து அந்த மனையைக் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அண்ணன்கள் ஒரு வருஷம் தவணை கொடுத்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்த புதன்கிழமையிலிருந்து இரண்டாவது ஞாயிறு அந்தத் தவணை முடிகிறது. "ஆளுங்க வந்து வாங்கிக்கினு போறத நாங்க கண்ணால பாக்கணும். இல்லன்னா தொட்டிய இடிச்சுட்டு மனைய வித்துடலாம்" என்று சொல்லிவிட்டார்களாம். தொட்டி போனால் சிராஜ் மறுபடி மலேசியாவுக்கு ரொட்டி தட்டப் போக வேண்டியதுதான். ஜமீலா இதைச் சொல்லும்போது அழவில்லை. அடுப்பில் இருந்த பாலைப் பொங்கவிட்டுவிட்டாள், அவ்வளவுதான்.

விமான நிலையத்திலிருந்து சேலையூருக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும். ஆட்டோ குரோம்பேட்டை தாண்டுவதற்குள் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி எதையோ தட்டினார், எதையோ ஊதினார், பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "யக்கா, பேஜார் பண்ணுது. கொஞ்சம் எறங்கி ஒரு தள்ளு தள்றியா?" எங்கள் ஊரில் டாக்சி நின்றுபோனால் ஓட்டுநர் மன்னிப்புக் கேட்டு வேறு டாக்சி பிடித்துக் கொடுப்பார். இங்கே ஐம்பத்தெட்டு வயதில் நான் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் ஆட்டோ தள்ளினேன். வண்டி கிளம்பியதும் அந்த ஆள் என்னை ஏற்றாமலே பத்து கஜம் போய்விட்டார். கத்திக்கொண்டே ஓடி ஏறினேன்.

அந்தச் சூட்டோடு தொட்டிக்கு முன்னால் போய் நின்றால், வெள்ளை வயிறு தெரிய நாற்பது ஐம்பது மீன்கள் மிதக்கின்றன. தண்ணீரைச் சோதித்தேன், தீனியைப் பார்த்தேன், ஜல்லியைக் கிளறிப் பார்த்தேன். எல்லாம் ஓரளவு சரிதான். கீரை நன்றாகவே வளர்ந்திருந்தது. சிறுகீரை, பொன்னாங்கண்ணி, புதினா, ஓரத்தில் எங்கள் ஊர்க் கங்குங் கீரைகூட இருந்தது. பிறகு என்ன கேடு என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனது. தினமும் முறை வைத்து மின்சாரத்தை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். பம்பு நின்றது, காற்று ஊதும் மோட்டார் நின்றது. ஆனால் வீட்டுக்குள்ளே தொலைக்காட்சியில் ஒரு மாமியார் மருமகளைக் கிழித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் மின்விசிறி ஜம்மென்று சுற்றியது.

இன்வர்ட்டர் இருக்கிறது! மீனுக்காகவென்றே வாங்கிய இன்வர்ட்டர். ஒயரிங் செய்தவனை வரச் சொன்னோம். அவன்தான் நான் முதலில் சொன்ன அந்தப் புத்திசாலி.

"நீ தண்ணிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு எவ்வளவு நேரம்பா இருப்ப?" என்று கேட்டேன்.

"நான் இன்னா மீனாக்கா?"

"மீனுக்கும் காத்து வேணும். தொட்டி முழுக்க மீன அடைச்சு வச்சுட்டுக் காத்த நிறுத்தினா அரை மணியில மூச்சு முட்டிச் சாகும். டிவி செத்துப் போகுமா?"

ஜமீலாதான் கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். "நாடகம் பாதியில நின்னுடுமேன்னு நான்தான்க்கா டிவிய அதுல சேக்கச் சொன்னேன்." அவள் உண்மையைச் சொன்னதால் கோபத்தைப் பாதி விழுங்கினேன். மிச்சப் பாதியை எலக்ட்ரீஷியன் வாங்கிக்கொண்டான். சாயங்காலத்துக்குள் பம்பும் காற்று மோட்டாரும் இன்வர்ட்டருக்கு மாறின. மறுநாள் வியாழக்கிழமை முழுக்க ஒரு மீன்கூடச் சாகவில்லை. ஜமீலா அன்றைக்கு நாடகத்தின் பாதியைத்தான் பார்த்தாள், மீதியை எதிர்வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கையேந்திக் கடை ஒன்றில் இட்லியும் வடைகறியும் பசியாறினோம். வடைகறியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்தப் பயணத்தில் நான் குறை சொல்லாத பொருள் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இரண்டு தட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு சிராஜும் நானும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனோம். மீன் கழிவில் கனமானதை ஜல்லிக்குப் போகும் முன்பே அடியில் தங்கவைக்க ஒரு டிரம் தேவை. இல்லாவிட்டால் ஜல்லி அடைத்துக்கொண்டு வேர் அழுகிவிடும். சிராஜ் கட்டும்போது அதை விட்டுவிட்டார். நான் போனில் சொன்னேன் என்கிறேன் நான், சொல்லவில்லை என்கிறார் அவர்.

சந்தையில் இல்லாத பொருள் இல்லை. பழைய டைப்ரைட்டர், ஒற்றைச் செருப்பு, கோழிக்குஞ்சு, யார் வீட்டுக் கதவோ ஒன்று. நீல டிரம்கள் ஒரு மூலையில் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து முகர்ந்தேன்.

"இன்னாக்கா மோந்து மோந்து பாக்குற? சென்ட்டு கடைன்னு நெனச்சுக்கினியா?" என்றார் கடைக்காரர்.

"இதுல முன்னாடி என்ன இருந்துச்சு?"

"ஜூஸுக்கா."

"எந்த ஜூஸ்பா மூக்கை இப்படி எரிக்கும்?"

"தோல் ஷெட்டுலேர்ந்து வந்துது. ரெண்டு தபா கழுவினா போய்டும். ஜனங்க தண்ணி புடிச்சு வைக்கத்தான் வாங்கிக்கினு போறாங்கோ."

தோல் பதனிடும் மருந்து இருந்த டிரம்மில் குடிதண்ணீர்! சொன்னவர் சிரித்துக்கொண்டே சொன்னார், வாங்க நின்றவர்களும் சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். கடைசியில் ஊறுகாய் இருந்த டிரம் ஒன்றைத் தேடி எடுத்தேன். அந்த வாசனை போக இரண்டு நாள் ஊறவைக்க வேண்டியிருந்தது, பரவாயில்லை, அது மாங்காய்.

திரும்பும் வழியில் இன்னொன்றும் பார்த்தேன். கீரைக்கட்டுகளைச் சாலையோரக் கால்வாயில் முக்கி முக்கி எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கால்வாய் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அந்தத் தண்ணீரின் நிறத்தை எழுதினால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள். எதற்கு இப்படி என்று கேட்டால், "வாடாம பச்சையா இருக்கும்" என்றாள் விற்கிறவள். நல்ல புடவை கட்டின பெண்கள் குனிந்து கட்டுக் கட்டாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். ஒருத்திகூட ஒரு கேள்வி கேட்கவில்லை.

சனிக்கிழமை செத்த மீன்களுக்குப் பதில் புதிய குஞ்சுகள் வாங்க ஊரப்பாக்கம் போனோம். நாங்கள் திலாப்பியா என்கிறோம், இங்கே ஜிலேபி என்கிறார்கள். ஏரியில் பிடித்து வைத்திருந்தவரிடம் நூறு குஞ்சு வாங்கி, தண்ணீர் நிரப்பிய பெரிய பிளாஸ்டிக் பைகளில் கட்டிக்கொண்டு மின்சார ரயில் ஏறினோம். சிராஜ் ஒரு பையோடு பொதுப் பெட்டியில், நான் ஒரு பையோடு பெண்கள் பெட்டியில். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். வண்டலூர் வருவதற்குள் யாருடைய குடைக்கம்பியோ என் பையில் ஏறிவிட்டது. தண்ணீர் சர்ரென்று பீய்ச்சி அடிக்கிறது. ஐம்பது குஞ்சுகளும் பைக்குள்ளே துள்ளுகின்றன.

"குடை யாருது?" என்று கத்தினேன். ஒருத்தியும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த நிமிஷம் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். இட்லி விற்கும் ஓர் அம்மாள் தன் காலி அண்டாவைக் காலால் என் பக்கம் தள்ளினாள். "கவுத்து வுடு, கவுத்து வுடு!" நாலா பக்கமிருந்தும் தண்ணீர் பாட்டில்கள் நீண்டன. காலேஜுக்குப் போகிற பெண்கள் தரையில் உட்கார்ந்து இருக்கைக்கு அடியில் ஓடிய குஞ்சுகளைக் கையால் பொறுக்கி அண்டாவில் போட்டார்கள். தாம்பரம் வந்தபோது மூன்று குஞ்சுகள்தான் குறைந்திருந்தன.

"இத்த வளத்து இன்னா பண்ணுவ?" என்று கேட்டாள் இட்லியம்மாள்.

"இது போடற உரத்துல கீரை வளக்குறோம்."

"அட! ரெண்டும் ஒரே கொழம்புக்கு ஆச்சு" என்றாள். இரண்டே நொடியில் அவளுக்குப் புரிந்துவிட்டது. அண்டாவைச் சேலையூருக்கு எடுத்துப் போகச் சொல்லி, மறுநாள் ஸ்டேஷனில் கொடுத்தால் போதும் என்று நடைமேடைக் கூட்டத்தில் கலந்து போனாள். பேர்கூடச் சொல்லவில்லை. சிராஜ் மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தார்.

தண்ணீர் சரியானது, மீன் சரியானது. மீன் விற்பதற்கும் கவலை இல்லை, அது வளர்ந்து கறிக்கு வர இன்னும் மாதங்கள் ஆகும். இப்போது அண்ணன்களின் கண்ணுக்குக் காட்ட வேண்டியது கீரையை. கீரைக்கு ஆளும் இருப்பதாகத்தான் சிராஜ் சொன்னார். இரண்டு தெரு தள்ளி முப்பது வீடுகள் கொண்ட அடுக்குமாடி ஒன்று. முந்தைய வாரம் வீட்டுக்கு ஒரு கட்டு இனாமாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. தினமும் எல்லா வீட்டுக்கும் எடுத்துக்கொள்வதைப் பற்றிப் பேச ஞாயிறு காலை கூட்டம் வைத்திருந்தார்கள். "கையெழுத்து போட வேண்டியதுதான் பாக்கிக்கா" என்றார் சிராஜ். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்தார்.

கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். குடியிருப்போர் சங்கத்தின் செகரட்டரி ஓய்வுபெற்ற இன்ஜினியர், நெற்றி நிறைய விபூதி, கையில் நோட்டு. எனக்கு முதல் வரிசையில் இடம் கொடுத்து, காபியும் கொடுத்தார். நல்ல காபி. பிறகு எழுந்தார்.

"மேடம், டோண்ட் மிஸ்டேக் மீ. கீரை ஃபர்ஸ்ட் கிளாஸ். மண்ணே இல்லாம எப்படி வளருதுன்னு கேட்டேன், பாய் சொன்னார், மீன் தொட்டித் தண்ணியிலன்னு. எங்க அசோசியேஷன்ல பாதிப் பேர் வெஜிடேரியன். இப்ப எங்க கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். இந்தக் கீரை சைவமா, அசைவமா?"

நான் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

"சார், கீரை கீரைதான் சார்."

"மீனோட வேஸ்ட்ட சாப்பிட்டுத்தானே வளருது?"

"மாட்டுச் சாணத்தச் சாப்பிட்டு வளர்றது என்ன சார்?"

"அது சாணம். சாணம் சுத்தம்."

"மண்ணுல புழு இருக்கே?"

"அது நேச்சர் மேடம்."

"மீன் நேச்சர் இல்லையா? காவிரியில மீன் இல்லையா? ஏரித் தண்ணிய லாரியில வாங்கிக் குடிக்கிறீங்க, அந்த ஏரியில என்ன மயிலா நீந்துது?"

சிராஜ் என் புடவைத் தலைப்பை இழுத்தார். நான் நிறுத்தவில்லை. பல்லாவரத்துச் சந்தையில் சாக்கடையில் முக்கிய கீரையைப் பற்றிச் சொன்னேன். எங்கள் ஊரில் கோவில் அன்னதானத்துக்கே என் தொட்டிக் கீரைதான் போகிறது, ஒரு பூசாரியும் இப்படிக் கேட்டதில்லை என்று சொன்னேன். எல்லோரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள், அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. சைவக்காரர்களாவது போகட்டும். ஞாயிறு தவறாமல் கறி எடுக்கிற ஒருவர் எழுந்து, "எங்களுக்குப் பிரச்சன இல்ல, ஆனா செவ்வாய், வெள்ளி, கிருத்திகைக்கு இந்தக் கீரைய சமைக்கலாமா? புரட்டாசி மாசம் முழுக்க என்ன பண்றது?" என்று கேட்டார். உடனே அதைப் பற்றி ஒரு தனி விவாதம் தொடங்கிவிட்டது. கிருத்திகைக்குக் கூடாது, ஆனால் அமாவாசைக்கு எப்படி என்று இரண்டு பேர் மோதிக்கொண்டார்கள்.

கடைசியில் செகரட்டரி கையை உயர்த்தினார். "எல்லாருக்கும் ஒத்து வர்ற மாதிரி ஒரு சொல்யூஷன். பாய், நீங்க அந்த மீனை மட்டும் எடுத்துடுங்க. மீனை எடுத்துட்டுக் கீரையக் கொடுங்க. முப்பது வீடும் டெய்லி எடுத்துக்குறோம்."

கை தட்டினார்கள். சத்தியமாகத் தட்டினார்கள். ஓர் இன்ஜினியர்! அரை மணி நேரமாக, மீன்தான் அந்தக் கீரைக்குச் சோறு என்று தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன். சிராஜ் மட்டும் எழுந்து, "மீன் இல்லாம கீரை வராது சார்" என்று மெல்லச் சொல்லிவிட்டு வெளியே நடந்தார். இஸ்திரிச் சட்டையின் முதுகு முழுக்க வியர்வை. வழியெல்லாம் நான்தான் பேசினேன். அன்றைக்குப் பறித்த கீரையில் பாதியைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டோம்.

திங்கட்கிழமை காலை ஆறு மணி. கேட்டுக்கு வெளியே ஒரு ஸ்கூட்டி. விமலா டீச்சர், அந்த அடுக்குமாடியில் இரண்டாவது மாடி, முந்தின நாள் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவர்.

"பாய், ரெண்டு கட்டு கொடுங்க. மண்ணே இல்ல, ஒரே அலசல்ல அடுப்புல போட்டுடலாம். கடைக் கீரைய அஞ்சு தண்ணி அலசிட்டு நான் ஏழு நாப்பது ட்ரெயின எப்படிப் பிடிக்கிறது? ஆனா ப்ளீஸ், எங்க ஃப்ளாட்ல யாருக்கும் சொல்லிடாதீங்க. சத்தியம் பண்ணுங்க."

சிராஜ் நெஞ்சில் கை வைத்து, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றார். டீச்சர் கீரையைப் பரீட்சைத் தாள்களுக்கு நடுவே வைத்து மூடிக்கொண்டு போனார்.

ஆறரைக்கு இன்னொருவர். "வீட்டுக்காரிக்கு ரத்தம் கம்மின்னு டாக்டர் சொல்லிட்டார். யாருக்கும் தெரிய வேணாம் பாய்." ஏழுக்கு ஒரு மாமி, பால் வாங்கப் போகிற கூடையோடு. செவ்வாய் நாலு பேர். கிருத்திகையைப் பற்றிக் கேட்டாரே, அவர் புதன்கிழமை வந்தார். வியாழன் காலை ஒரு மொபெட் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, கண்ணாடியைக்கூட மேலே தூக்கவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "சிறுகீரை ரெண்டு. பேப்பர்ல சுத்திக் கொடுங்க." குரல் செகரட்டரியுடையது. நானும் அவரும் அந்தக் கண்ணாடி வழியாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவரும் சிராஜிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் போனார்.

வெள்ளிக்கிழமைக்குள் பதினேழு வீடுகள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்தில், ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் வருவதாக நினைத்துக்கொண்டு! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. தின்பது நல்ல கீரை, அதைத் திருட்டுப் பொருள் மாதிரி மறைத்துக்கொண்டு போகிறார்கள். சரி, எப்படியோ போகட்டும், ஞாயிற்றுக்கிழமை அண்ணன்களிடம் இந்தப் பதினேழு பேரையும் சொல்லிவிடலாம் என்றேன்.

"அது முடியாதுக்கா" என்றார் சிராஜ்.

"ஏன் முடியாது?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

"ஏம்பா, மனையே போகப் போகுது!"

"போனாலும் இன்னாக்கா பண்றது? அத்தினி பேரும் என்னை நம்பித்தான வந்தாங்க."

அடுக்களையில் நின்ற ஜமீலாவைத் திரும்பிப் பார்த்தேன். கணவன் சொன்னதுதான் சரி என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. இந்த இரண்டு பேரையும் என்ன செய்வது? கூட்டத்தில் கைதட்டி விரட்டியவர்களுடைய மானத்தைக் காப்பாற்ற இவர்கள் வாழ்க்கையைக் கொடுக்கப் போகிறார்கள். அந்த வாரம் முழுக்க வந்த கோபத்தை எல்லாம் சேர்த்தாலும் அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு ஈடாகாது. சாப்பிடாமல் படுத்தேன்.

படுத்துக்கொண்டு யோசித்தேன். வாக்குக் கொடுத்தது சிராஜ். நான் யாருக்கும் ஒன்றும் கொடுக்கவில்லை. அப்படியும் பேரைச் சொல்லி அவர் வாக்கைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. பேரைச் சொன்னால்தானே வம்பு?

சனிக்கிழமை காலை கீரைக்கட்டை எடுத்துக் கொடுக்கும் வேலையை நான் வாங்கிக்கொண்டேன். வந்த ஒவ்வொருவரிடமும் குரலைத் தாழ்த்தி ஒன்றே ஒன்று சொன்னேன். "நாளைக்கு ஏழரைக்குத்தான் பறிப்போம். முன்னாடி வந்தா இருக்காது, பின்னாடி வந்தா தீர்ந்துடும். சரியா ஏழரை." எல்லோரும் நன்றி சொன்னார்கள். ஹெல்மெட்டும் தலையை ஆட்டியது.

ஞாயிறு ஏழு மணிக்கே அண்ணன்கள் வந்துவிட்டார்கள். பெரியவர் ஹாஜா, கனத்த ஆள், பேச்சு குறைவு. சின்னவர் அவர் பின்னாலேயே நின்றார்.

"எங்க மச்சான், ஒரு ஆளையும் காணோம்?" என்றார் ஹாஜா.

"வாங்குறாங்க மச்சான்" என்றார் சிராஜ்.

"யாரு?"

"அத்த மட்டும் கேக்காத."

ஹாஜா தம்பியைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

ஏழு இருபத்தெட்டுக்கு விமலா டீச்சரின் ஸ்கூட்டி தெருவுக்குள் திரும்பியது. அதற்குப் பின்னாலேயே பால் கூடை மாமி. எதிர்ப்பக்கத்திலிருந்து ரத்தம் கம்மிக்காரர். கிருத்திகைக்காரர் இரண்டு பைகளோடு. ஐந்து நிமிஷத்தில் தெருவே நிறைந்துவிட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறார்கள். "வாக்கிங் வந்தேன்" என்றார் ஒருவர். "நானும்" என்றார் மாமி. மொபெட் வந்தது, கூட்டத்தைப் பார்த்ததும் அப்படியே வட்டமடித்துத் திரும்பப் பார்த்தது. கிருத்திகைக்காரர் விடவில்லை. "செகரட்டரி சார், வண்டி நம்பர் தெரியுது சார், ஹெல்மெட்ட எடுங்க!"

செகரட்டரி ஹெல்மெட்டை எடுத்தார். விபூதி வியர்வையில் கரைந்திருந்தது. கேட் திறந்திருக்கிறது, பலகையில் கீரை அடுக்கியிருக்கிறது, ஒரு கால்கூட உள்ளே வரவில்லை.

"யாரு இவங்கல்லாம்?" என்று கேட்டார் ஹாஜா.

சிராஜ் தரையைப் பார்த்தார். "தெரியாது மச்சான்."

அப்போதும்! என் வாய்வரை வந்துவிட்டது. ஜமீலா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிந்தது.

"தெரியாத ஜனம் ரோட்டுல நிக்கிறத காட்டத்தான் எங்கள வரச் சொன்னியா?" என்று ஹாஜா செருப்பைத் தேடினார். "வாடா, போலாம்."

"ஒரு நிமிஷம்." விமலா டீச்சர் ஸ்கூட்டியை ஸ்டாண்டு போட்டார். "பாய்க்கு எங்க எல்லாரையும் தெரியும். தெரியாதுன்னு சொல்லச் சொன்னது நாங்கதான். இப்பத்தான் எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சு போச்சே, அப்புறம் என்ன? பாய், என்னோட ரெண்டு கட்ட எடுங்க, எனக்கு வேல இருக்கு." சொல்லிவிட்டு நேராக உள்ளே வந்தார்.

அவ்வளவுதான். கேட்டில் இடித்துக்கொண்டு நுழைந்தார்கள். மாமி வரிசையில் முந்தினார் என்று சண்டை. கிருத்திகைக்காரர் நாலு கட்டு எடுத்தார் என்று இன்னொரு சண்டை. நானும் ஜமீலாவும் கொடுத்து மாளவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு கடைசியில் நின்றவர் செகரட்டரி. அவர் முறை வந்தபோது பலகை காலி.

"தீர்ந்து போச்சு சார்" என்றேன். சந்தோஷமாகவே சொன்னேன்.

"என்ன மேடம் இது? ஏழரைக்கு வரச் சொன்னீங்க, வந்தேன். ஒரு பிளானிங் வேணாமா?" அவர் குரல் ஏறியது. சிராஜ் பக்கம் திரும்பினார். "ஏன் பாய், டிமாண்ட் இருக்குன்னு தெரியுதில்ல? இன்னொரு தொட்டி கட்டுறதுக்கு என்ன?"

"அதுலயும் மீன் இருக்குமே சார்" என்றேன்.

"இருந்துட்டுப் போகட்டும்! முதல்ல கட்டச் சொல்லுங்க."

ஹாஜா இன்னும் கிளம்பவில்லை. ஒரு காலில் செருப்பு மாட்டியிருந்தார், மறுகால் வெறுங்கால். காலிப் பலகையைப் பார்த்தார், செகரட்டரியைப் பார்த்தார், கடைசியில் சிராஜைப் பார்த்தார்.

"மச்சான்" என்றார். "இன்னொரு தொட்டிக்கு எடம் எங்க கீது?"

சிராஜ் மதில் ஓரமாகக் கையை நீட்டினார். ஹாஜா ஒற்றைச் செருப்போடு அங்கே போய் நின்று, அடி மேல் அடி வைத்து அளக்க ஆரம்பித்தார்.